24 கட்டில், 3 பாத்ரூம்: நான் தங்கியிருந்த குடிமீட்பு இல்லம்

ஓட்டலுக்கும் மெஸ்ஸுக்கும் ஸ்டார் போடுகிற ஊர் இது. குடிமீட்பு இல்லத்துக்கு மட்டும் யாரும் போடுவதில்லை. தங்கிவிட்டு வந்தவன் வெளியே வாய் திறக்க மாட்டான். கொண்டுபோய் விட்டவர்களுக்கு உள்ளே நடந்தது தெரியாது. நான் இரண்டு இடங்களில் இருந்திருக்கிறேன். ஒன்றில் என் மச்சான் மாதம் 12,000 ரூபாய் கட்டிப் போட்டார். இன்னொன்று, கட்ட ஆளில்லாமல் எழும்பூர் பிளாட்பாரத்தில் கிடந்தபோது என்னை எடுத்துக்கொண்டது. இது அந்த இரண்டாவது இடத்தைப் பற்றி. முதல் இடமும் நடுவில் எட்டிப் பார்க்கும், தவிர்க்க முடியாது.

பெயர் போடவில்லை. வட சென்னையில், ஒரு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், பழைய குடோன் ஒன்றைத் தடுத்து நடத்துகிறார்கள். உள்ளே பார்த்த முகத்தையும் கேட்ட பேச்சையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதை மீறாமல் எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவு எழுதுகிறேன்.

நான் பரோட்டா மாஸ்டர். ஊர் சாத்தூர்ப் பக்கம். வீடில்லாதவன் என்றால் பிறந்ததிலிருந்து ரோட்டில் கிடந்தவன் என்று நினைக்கிறார்கள். ஓட்டல் வேலையில் சம்பளத்தோடு சாப்பாடும் படுக்கையும் சேர்த்தி. கடைக்கு மேலே ஒரு ரூம், பத்துப் பேர், கொடி நிறைய லுங்கி. வாடகை கிடையாது. ஊரிலிருந்து வருகிறவன் ஓட்டலில் போய்ச் சேர்வதே அதற்காகத்தான். வேலை போகிற அன்றைக்குத்தான் படுக்கையும் அதோடு போகிறது என்று உறைக்கும். ராத்திரி 12 மணிக்குக் கல்லாவில் கணக்குத் தீர்த்தால் 12:05-க்குப் பையோடு ரோட்டில் நிற்க வேண்டும். எனக்கு அது மூன்று கடைகளில் நடந்தது. முதல் இரண்டு முறை வேறு கடை கிடைத்தது. மூன்றாவது முறை கை நடுங்க ஆரம்பித்திருந்தது. கை நடுங்குகிறவன் பரோட்டா வீச முடியாது, மாவு கிழிந்துவிடும்.

அதற்கப்புறம் இரண்டரை வருடம். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது, கோயம்பேட்டில் மூட்டை, ராத்திரி எழும்பூர்.

அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. ராத்திரி படுக்க இடம் தருகிறவர்கள் குடித்திருந்தால் உள்ளே விட மாட்டார்கள். குடியை நிறுத்த இடம் தருகிறவர்கள் வீடு வாசல் இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். நகரத்தில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. சொன்னது சரி. வாசலில் நிற்கும் காவலாளியின் மூக்கை என்ன செய்வது? அவரையும் குறை சொல்ல மாட்டேன். உள்ளே வயதானவர்கள் படுத்திருப்பார்கள், என்னை மாதிரி ஒருத்தன் போய் ரகளை செய்தால் அவர் பாடு. அந்தப் பக்கம் மீட்பு மையங்களில் மூன்று கேள்வி. ஆதார் இருக்கா, கூட யார் வந்திருக்கா, மாசப் பணம் யார் கட்டுவா. மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

குடும்பத்தைக் கேட்பது தப்பில்லை என்பது பிற்பாடு வகுப்பில்தான் தெரிந்தது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கியதுதான் டி.டி.கே. மருத்துவமனை. அங்கே குடிப்பவரோடு அவர் வீட்டு ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. வீட்டில் ஒருத்தன் குடித்தால் மொத்த வீடும் நோய்ப்படுகிறது, அதனால் அது சரியான வழிதான். வீடே இல்லாதவனுக்கு அந்த இடத்தில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைப்பது என்பதுதான் பாக்கி. நான் சொல்லும் இல்லத்தின் மொத்தக் கெட்டிக்காரத்தனமும் இந்த ஓட்டையை அடைத்ததில்தான் இருக்கிறது.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர். பிளாட்பாரத்தில் முட்டளவு தண்ணீர். வியாழக்கிழமை ராத்திரிகளில் இந்த இல்லத்து ஆட்கள் பன்னும் பாலும் கொண்டுவருவார்கள், அதனால் முகம் தெரியும். தண்ணீர் வடிந்த வாரம் நானே விசாரித்துக்கொண்டு நடந்து போய்விட்டேன். வாசலில் ஒரு தம்பி, 26 வயதிருக்கும். ஆதார் கேட்கவில்லை. "கடைசியா எப்ப குடிச்சீங்க மாஸ்டர்?" என்றான். நேற்று ராத்திரி ஒன்பது மணி என்றேன். "இதுக்கு முன்னாடி குடியை நிறுத்தினப்போ ஃபிட்ஸ் வந்திருக்கா?" ரெண்டு தடவை வந்திருக்கு என்றேன். ஒரு தடவை கோயம்பேட்டில் மூட்டையோடு விழுந்து, சுற்றி நின்றவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள்.

அவன் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். "உங்களை இங்க படுக்க வைக்க முடியாதுண்ணே."

சரிதான், இவனும் கதவைச் சாத்துகிறான் என்று திரும்பினேன். அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டான். தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை புத்தி தடுமாறலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். டாக்டர் பக்கத்தில் இல்லாத இடத்தில், முன்பே வலிப்பு வந்தவனைப் படுக்க வைக்கக் கூடாது. அவர்களுக்கு அது தெரிந்திருந்தது. நான் முதலில் இருந்த இடத்தில் இது தெரியாது, அல்லது தெரிந்தும் கவலையில்லை. அங்கே வாளித் தண்ணீரை மேலே ஊற்றியதுதான் வைத்தியம்.

ஜி.எச்.சில் சீட்டு எழுதும் இடத்தில் நர்ஸ் கேட்டார், "அட்டெண்டர் யாரு?"

அரசு ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ரத்தப் பரிசோதனைக்குக் குழாயைக் கொண்டுபோய்க் கொடுக்க, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள, மருந்து வாங்கி வர எல்லாவற்றுக்கும் கூட ஓர் ஆள் வேண்டும். ஆளில்லாதவன் வராந்தாவில் கிடப்பான். அந்தத் தம்பி "நான்தான்" என்றான். என்ன உறவு என்று கேட்டார். இல்லத்தில் வேலை பார்க்கிறேன் என்றான். படிவத்தில் அப்படிக் கட்டம் கிடையாது என்றார் நர்ஸ். "அப்ப தம்பின்னு போட்டுக்கோங்க" என்றான். நாலு நாள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தான். அவனுக்கு லீவு வந்தால் வேறொருவர் வருவார். இல்லத்தில் இதற்கென்றே மூன்று பேர் இருக்கிறார்கள். விளம்பரத்தில் யோகா, தியானம், இயற்கைச் சூழல் என்று போடுகிற இடங்களைவிட ஆஸ்பத்திரிக்கு அட்டெண்டர் அனுப்புகிற இடம் மேல் என்பது என் கட்சி.

மூன்றாவது ராத்திரி மேலே ஃபேனைச் சுற்றி பரோட்டா உருண்டைகள் வரிசையாக நகர்ந்தன. எண்ணெய் சொட்டுகிறது, துணி கொண்டு வா என்று கத்தினேனாம். அதெல்லாம் அவன் சொல்லித்தான் தெரியும். கையில் பி1 வைட்டமின் ஊசி, நடுக்கத்தை அடக்கும் லிப்ரியம் மாத்திரை முதல் நாள் நிறைய, பிறகு நாளுக்கு நாள் குறைத்து. ஐந்தாம் நாள் இல்லத்துக்குத் திரும்பினோம்.

இப்போது பூட்டு. இல்லத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தபோது நான் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் எடுபிடி. அன்றைக்குக் கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மச்சான் சேர்த்துவிட்ட இடத்தில் ராத்திரி ஒன்பதுக்கு ஹாலை வெளியே பூட்டிவிட்டுச் சாவியோடு ஆள் போய்விடுவான். எனக்கு அங்கே 43 நாளும் தூக்கம் வராததற்குக் குடி மட்டும் காரணமில்லை.

இங்கே கேட்டுக்குத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு இல்லை. சொந்த விருப்பத்தில் சேர்ந்தவன் போக வேண்டும் என்றால் போகலாம், அது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியிருப்பது வேறு, நடப்பது வேறு என்று நினைத்து ஒன்பதாம் நாள் சோதித்துப் பார்த்தேன். காலை பதினொன்றே கால். போறேன் என்றேன். வார்டன் சார் என் பையையும், சேரும்போது எண்ணி வாங்கிய 40 ரூபாயையும் மேஜைமேல் வைத்தார். "டீ வர்ற நேரம், குடிச்சிட்டுப் போங்க" என்றார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும், கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ். பெட்டிகளை எண்ணினேன், 58 வரை எண்ணினேன். அப்போதுதான் வயிறு கலக்கியது. குடியை நிறுத்திய முதல் வாரங்களில் வயிறு ஒரு நிலையில் இருக்காது. பக்கத்தில் எனக்குத் தெரிந்த கக்கூஸ் ஒன்றுதான். திரும்பி ஓடினேன்.

மனம் திருந்தி வந்தேன் என்று கூட்டத்தில் சொல்லச் சொன்னார்கள். கக்கூஸுக்கு வந்தேன் என்றுதான் சொன்னேன். ஹாலே சிரித்தது. அதற்கப்புறம் என்னோடு எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், தொழில் அப்படி. காலையில் கஞ்சி, தேங்காய்த் துவையல். நல்ல கஞ்சி, அரிசியை வறுத்துப் போட்டது. மத்தியானம் சாம்பார். பார்த்தால் கெட்டி, வாயில் வைத்தால் பருப்பே இல்லை, பொட்டுக்கடலை மாவைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். சமையலம்மாவிடம் கேட்டேன். "மாஸ்டருக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றார், "துவரம்பருப்பு விலையைப் போய்க் கேட்டுட்டு வா." ரசம் மட்டும் அந்த அம்மா கையில் தனி. மிளகும் சீரகமும் அன்றன்றைக்கு உரலில் இடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனுக்கு முதல் பத்து நாள் ரசம் சாதம்தான் இறங்கும், அது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்பு. யாராவது பிறந்தநாள், திதி என்று பணம் கொடுத்தால் கோழி.

சர்க்கரைதான் சண்டை. குடியை விட்டவனுக்கு இனிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். பாதி ராத்திரியில் சர்க்கரை டப்பாவுக்குள் கை விடுவார்கள். இல்லத்தில் டீக்கு இரண்டு ஸ்பூன் என்று கணக்கு வைத்து டப்பாவைப் பூட்டினார்கள். கேட்டுக்குப் பூட்டில்லை, சர்க்கரைக்குப் பூட்டு. சாயங்காலம் நாலு மணிக்கு ஆளுக்கு ஒரு கடலை உருண்டை கொடுத்தார்கள், அதை மூன்றாக்குங்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டாக்கினார்கள்.

முதல் 30 நாள் என்னை அடுப்படிக்குள் விடவில்லை. கத்தி இருக்கிற இடம். கோபம் வந்தது, 25 வருடமாகக் கத்தி பிடித்தவன். பிறகு வெங்காயம் உரிக்க விட்டார்கள், பிறகு நறுக்க. 60-ஆம் நாள் ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்பில்.

மாத்திரை விஷயம். குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்க வைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை. ஊரில் இதை வீட்டுப் பெண்கள் தெரியாமல் குழம்பில் கலப்பார்கள். என் அக்காவும் கலந்திருக்கிறாள், பாவம், அவளுக்கு யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். அது தெரியாமல் நான் குடித்து, மயங்கி, சாகக் கிடந்தேன். இங்கே டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்து, என்ன செய்யும் என்று விளக்கி, கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கொடுத்தார். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும், அதற்குள் குடித்தால் ஆபத்து என்று சொன்னதோடு, அரிஷ்டம், சில இருமல் மருந்து இவற்றிலும் ஆல்கஹால் உண்டு என்றார். ஆயுர்வேத அரிஷ்டம் மருந்துதானே என்று குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் இந்த மாத்திரை ஒத்துவராது, இதயக் கோளாறும் கல்லீரல் கோளாறும் இருக்கிறவர்களுக்கு அவர் எழுதவே மாட்டார். இந்தப் பகுதியைப் படிக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு: தயவுசெய்து குழம்பில் கலக்காதீர்கள்.

வகுப்புகள் பரவாயில்லை ரகம். செவ்வாய், சனி சாயங்காலம் வெளியிலிருந்து ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) ஆட்கள் வந்து நடத்தும் மீட்டிங்தான் எனக்குப் பிடித்தது. 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும், ரெண்டு குடிகாரர்கள், உட்கார்ந்து பேசித் தொடங்கிய சங்கம். சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. ஒரு ஆட்டோக்காரர் வருவார், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் வருவார், இரண்டு பேரும் ஒரே மாதிரி "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார்கள். ஆட்டோக்காரர் சொல்லும் கதையில் நிறைய இடம் என் கதை. ஆனால் அவர்கள் மீட்டிங் முடிந்து வீட்டுக்குப் போவார்கள். "வீட்டில் மன்னிப்புக் கேட்டேன்" என்று பேசும்போது எங்கள் வரிசையில் பாதிப் பேர் தரையைப் பார்ப்போம்.

ஒரிசாக்காரப் பையன் ஒருவன் இருந்தான். கட்டட வேலைக்கு வந்து, மேஸ்திரி சம்பளம் தராமல் விட்டுப் போய், சென்ட்ரலில் கிடந்தவன். மூன்று வாரம் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்தான், ஒரு வார்த்தை புரிந்திருக்காது. எல்லோரும் கை தட்டும்போது தட்டுவான். கேட்டதற்கு, இந்தி தெரிந்தவர் மாதத்துக்கு ஒரு முறை வருவார் என்றார்கள். இவனுக்கு இந்தியும் அரைகுறை. பிளாட்பாரத்தில் கிடப்பவர்களில் வெளிமாநிலத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று ராத்திரி எழும்பூரிலிருந்து சென்ட்ரல் வரை நடந்து பார்த்தால் தெரியும். இதற்கு இல்லம் இன்னும் வழி செய்யவில்லை. பெரிய குறை.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 24 கட்டில், நான் இருந்தபோது 31 பேர். மீதி ஏழு பேர் கட்டில்களுக்கு நடுவே பாயில். 3 பாத்ரூம், அதில் ஒன்றில் தாழ்ப்பாள் கழன்றது, நான் வெளியே வரும்வரை மாட்டவில்லை. காலை ஐந்தரைக்கு வாளியோடு வரிசை. மூட்டைப்பூச்சி. மூன்று மாதத்தில் இரண்டு கவுன்சிலர்கள் மாறினார்கள், சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று. ஒருவரிடம் அம்மா செத்ததிலிருந்து ஆரம்பித்துப் பாதி சொல்லியிருப்போம், அடுத்த வாரம் புது ஆள் நோட்டைத் திறந்து "சொந்த ஊர் எது?" என்பார். பீடியைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். ஒன்றை விட வந்தவனிடம் இரண்டையும் ஒன்றாகப் பிடுங்க முடியாது என்கிறார் வார்டன் சார், நான் பீடி குடிப்பவன் என்பதால் இதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பெரிதாக எரிச்சல் தந்தது லீடர் முறை. பழைய ஆட்களில் ஒருவரை ஹாலுக்கு லீடராகப் போடுவார்கள். அதிகாரம் கையில் வந்ததும் சிலருக்குத் தலைக்கேறிவிடும், அதுவும் ஒரு போதைதான். எங்கள் லீடர் புதிதாக வந்தவர்களைத் தன் துணி துவைக்க வைத்தார். முதல் இடத்தில் இப்படி ஒருவன்தான் பைப்பால் அடித்தான், அதனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போய்ச் சொன்னேன். இரண்டே நாளில் லீடரை மாற்றினார்கள், அவரை வெளியே அனுப்பாமல் ஒரு வாரம் பாத்ரூம் கழுவ விட்டார்கள். அந்த ஒரு வாரம்தான் பாத்ரூம் சுத்தமாக இருந்தது.

90-ஆம் நாள் மற்ற இடங்களில் மாலை போட்டு, போட்டோ எடுத்து, பஸ் ஏற்றிவிடுவார்கள். வீடிருக்கிறவன் வீட்டுக்குப் போவான். நான் எங்கே போவேன்? அதே எழும்பூருக்கு, சுத்தமான சட்டையோடு. இந்த இல்லத்தைப் பற்றி நான் எழுதக் கிளம்பியதே இதற்காகத்தான்.

முதலில் முகவரி. ஆதார் தொலைந்திருந்தது, அதில் இருந்ததும் நான் 12 வருடம் முன்பு வேலை பார்த்த ஓட்டல் முகவரி. இல்லத் தலைவர் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார், அதை வைத்து இந்த இல்லத்து விலாசத்துக்கே மாற்றினோம். பிறகு வங்கிக் கணக்கு. சம்பளம் கையில் வந்தால் கை எங்கே போகும் என்று தெரியும், கணக்கில் விழட்டும் என்றார்கள்.

அடுத்தது வேலை. அண்ணா நகர்ப் பக்கம் ஒரு பெரிய கடையில் மாஸ்டர் வேலை தயாராக வந்தது, ஒரு நாளைக்கு 1,000 ரூபாய், சாப்பாடு, தங்க ரூம். நான் துள்ளினேன். கவுன்சிலர், அந்த மூன்றாவது ஆள், கேட்டார்: "எத்தனை மணிக்கு முடியும்?" 12 ஆகும் என்றேன். "முடிஞ்சதும் என்ன செய்வீங்க?" பதில் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து கல்லுக்கு முன்னால் நின்று, ஐம்பது கிலோ மாவு அடித்து வீசி, தோளும் இடுப்பும் கழன்று, ராத்திரி ரூமுக்கு வந்தால் ஆளுக்கொரு கட்டிங் இல்லாமல் எவனும் படுக்க மாட்டான். சில முதலாளிகள் சம்பளத்தோடு குவார்ட்டரும் கொடுப்பார்கள், மறுநாள் ஆள் ஓடிவிடக் கூடாதென்று. நான் குடி பழகியதே அப்படித்தான்.

ஆக, பரோட்டாவை விட்டேன். ஒரு கம்பெனி கேன்டீனில் இட்லி. காலை நாலு மணிக்கு அடுப்பு, மத்தியானம் ரெண்டுக்கு முடிவு, 600 ரூபாய். இட்லியை மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் இட்லி தானாக வெந்துகொள்ளும். மாவை விரித்து வீசும்போது கண்ணாடி மாதிரி கல்லின் நெருப்பு தெரியுமே, அது இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், சாராயத்தைவிட அதற்குத்தான் அதிகம் ஏங்கினேன்.

வேலை கிடைத்த பிறகும் இல்லத்தின் பின்பக்க ஹாலில் ஆறு மாதம் இருக்கலாம். எட்டுக் கட்டில், ஒரு நாளைக்கு 50 ரூபாய். வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு மட்டும். வேலையோடு படுக்கையைக் கட்டாதது பெரிய விஷயம். ஒரு மாதம் கேன்டீனில் ஆர்டர் இல்லாமல் என்னை நிறுத்தினார்கள், படுக்கை அப்படியே இருந்தது.

இல்லத்தில் சேர்ந்த ஐந்தாவது மாதம் விழுந்தேன், மறுபடி குடித்தேன். கல்யாணச் சமையல் ஒன்றுக்கு ஆள் குறைகிறது என்று பழைய கூட்டாளி கூப்பிட்டான். ராத்திரி வேலை என்று தெரிந்தே போனேன். மாத்திரையை நிறுத்தி மாதமாகியிருந்தது. விடிகாலையில் மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில், எவர்சில்வர் டம்ளரில். ருசிகூட நினைவில்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பிப் போனேன். முதல் இடத்தில் மறுபடி குடித்தவனை மொட்டையடித்து நடுவில் உட்கார வைப்பார்கள். இங்கே அதே கேள்வி, அதே குரலில்: "கடைசியா எப்ப குடிச்சீங்க மாஸ்டர்?" பின் ஹால் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு முன் ஹாலில் பாய், முதல் நாளிலிருந்து கணக்கு. அது நியாயம்தான். ஸ்டோர் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. குடித்தேன், திருடவில்லையே.

அந்த இரண்டாவது முறை உள்ளே இருந்தபோதுதான் கள்ளக்குறிச்சி. 2024 ஜூன், கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம், 60 பேருக்கு மேல் செத்தார்கள். டி.வி.யில் பாடை பாடையாகக் காட்டினார்கள். வார்டன் சார் அணைக்கப் போனார், ஒருவர் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். அவர் அந்தப் பக்கத்துக்காரர். அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை, ஹாலில் ராத்திரி பத்து மணி வரை அவரவர் குடித்த கண்ட கண்ட சரக்குகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எந்தக் கவுன்சிலரும் நடத்தாத நல்ல மீட்டிங் அது.

ஸ்டார் என்று கேட்டால் ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று சாம்பாருக்கில்லை, பாத்ரூமுக்கும் அந்த ஒரிசாப் பையனுக்கும்.

யாரையாவது சேர்க்க வேண்டுமென்றால், எந்த ஊரானாலும், 14446 என்ற இலவச எண் இருக்கிறது, பக்கத்து மையத்தைச் சொல்வார்கள். போய்ப் பார்க்கும்போது மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று கேளுங்கள். வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள், கூட யார் போவார் என்று கேளுங்கள். ராத்திரி சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். அடுப்படியைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். ஆளைத் தூக்கிப்போக ராத்திரி வேன் அனுப்புகிறோம் என்று சொல்கிற இடத்துக்கு மறுபடி போன் செய்யாதீர்கள்.

பிளாட்பாரத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தால், காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் போய்ப் பேசுங்கள். கை நடுங்கிக்கொண்டிருக்கும், டீ கிளாஸைக்கூட இரண்டு கையால் பிடிப்பார், அப்போதுதான் ஆள் சம்மதிப்பார். டீ வாங்கிக் கொடுங்கள், சர்க்கரை தூக்கலாக. ஒரு லுங்கியும் துண்டும் கையில் எடுத்துப் போங்கள். 12 மணியாகிவிட்டால் அன்றைக்கு வேலைக்கு ஆகாது, மறுநாள் காலை மறுபடி போங்கள்.